தன்னையே முந்திய வீரர்!

குட்டி நண்பர்களே, பள்ளி மைதானத்தில் நானூறு மீட்டர் ஓட்டம் ஓடியிருக்கிறீர்களா? ஒரு சுற்று முடிவதற்குள்ளேயே மூச்சு வாங்கும், இல்லையா? அப்படி 105 சுற்றுகளுக்கு மேல் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்? அதுதான் மாரத்தான். தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர்!

இந்த ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற முதல் வீரர் யார் தெரியுமா? எத்தியோப்பியாவைச் சேர்ந்த அபேபே பிகிலா. முதல் முறை அவர் காலில் ஷூ கூட இல்லை!

பிகிலா பிறந்தது 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி. ஊர், ஜாட்டோ என்ற சின்ன மலைக்கிராமம். அப்பா ஆடு மாடு மேய்ப்பவர். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் நடந்ததும் அதே நாளில்தான். என்ன பொருத்தம் பார்த்தீர்களா?

பிகிலாவுக்கு மூன்று வயது இருக்கும்போது, 1935இல், இத்தாலி நாட்டுப் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. தலைநகரைப் பிடித்தது. அக்சும் என்ற பழைய நகரத்தில் இருந்த மிகப் பெரிய கல்தூண் ஒன்றையும் 1937இல் ரோம் நகருக்கு எடுத்துச் சென்றுவிட்டது. இந்தத் தூணை மறந்துவிடாதீர்கள். கதையில் மறுபடியும் வரும்.

இளைஞரானதும் பிகிலா தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்து, பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். வீரர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி அளிக்க ஓன்னி நிஸ்கானன் என்பவர் சுவீடனிலிருந்து வந்திருந்தார். பிகிலாவின் திறமையைக் கண்டுகொண்டவர் அவர்தான்.

அடிஸ் அபாபா நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அதைச் சமாளிக்க, நம் உடல் ரத்தச் சிவப்பணுக்களை அதிகமாக உருவாக்கிக்கொள்ளும். அங்கே ஓடிப் பழகியவர் தாழ்வான ஊருக்கு வந்து ஓடினால், எளிதில் களைத்துப் போகமாட்டார். பிகிலா அந்த மேட்டுச் சாலைகளில் தினமும் ஓடினார்.

1960 ஆகஸ்டில் அடிஸ் அபாபாவில் நடந்த மாரத்தானை அவர் 2 மணி 21 நிமிடம் 23 விநாடிகளில் முடித்தார். அதுதான் அன்றைக்கு அவருடைய மிகச் சிறந்த நேரம். அடுத்த மாதமே ரோம் ஒலிம்பிக்!

ரோமில் வாங்கிய புது ஷூ பிகிலாவின் காலைக் கடித்தது. கொப்புளம் வந்துவிட்டது. அதனால் வெறுங்காலுடனேயே ஓடுவது என்று முடிவு செய்தார். 1960 செப்டம்பர் 10ஆம் தேதி மாலையில் ஓட்டம் தொடங்கியது. ஒல்லியாக, காலில் ஒன்றும் இல்லாமல் நின்ற அந்த 28 வயது வீரரை, அன்று பலருக்கு யாரென்றே தெரியாது.

இருட்டிவிட்டது. வழியெங்கும் இத்தாலிய வீரர்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். முன்னால் ஓடியவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் பிகிலா, மற்றவர் மொராக்கோ நாட்டு ராடி. கடைசிக் கட்டத்தில் அந்த அக்சும் கல்தூண் வந்தது. தன் நாட்டிலிருந்து கொண்டுபோன தூண் அருகே பிகிலா வேகத்தைக் கூட்டினார். ராடியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 25 விநாடி முன்னதாக பிகிலா எல்லையைத் தொட்டார்!

நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி. புதிய உலக சாதனை! ஆனால் பழைய சாதனையை அவர் முந்தியது எவ்வளவு தெரியுமா? ஒரு விநாடி கூட இல்லை. வெறும் 0.8 விநாடிதான். தன்னுடைய பழைய நேரத்தையோ ஆறு நிமிடத்துக்கும் மேல் முந்திவிட்டார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு எல்லாமே வெற்றியா? இல்லை. 1963இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓடியபோது முதலில் வேகமாகப் பாய்ந்தார். குளிர்காற்றும் மேடுகளும் வாட்ட, ஐந்தாவதாகத்தான் வர முடிந்தது. நாடு திரும்பியவர் மீண்டும் பயிற்சியில் இறங்கினார்.

அடுத்தது 1964 டோக்கியோ ஒலிம்பிக். போட்டிக்கு ஐந்தே வாரம் இருக்கும்போது பிகிலாவுக்குக் கடுமையான வயிற்று வலி. குடல்வால் அழற்சி! உடனே அறுவைச் சிகிச்சை நடந்தது. இனி இவர் எங்கே ஓடப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். பிகிலாவோ உடம்பு தேறியதும் மெல்ல மெல்ல ஓட ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 21. இந்த முறை காலில் ஷூ இருந்தது. பாதி தூரத்துக்குப் பிறகு அவர் பக்கத்தில் யாருமே இல்லை. 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் ஓட்டத்தை முடித்தார். மறுபடியும் உலக சாதனை! இரண்டாவது வீரர் வந்துசேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதுவரை பிகிலா என்ன செய்தார் தெரியுமா? புல்தரையில் படுத்து, கால்களைத் தூக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? ரோமில் எடுத்த நேரத்தைவிட டோக்கியோவில் மூன்று நிமிடம் ஐந்து விநாடி குறைவு. இதை 42 கிலோமீட்டருக்கும் பங்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு நாலரை விநாடி கூட வராது. அந்த நாலு விநாடிக்குப் பின்னால் நான்கு ஆண்டு உழைப்பு இருந்தது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கால் எலும்பில் ஏற்பட்ட காயத்தால் அவர் பாதியில் விலக நேர்ந்தது. அவருடைய சக வீரர் மாமோ வோல்டே தங்கம் வென்றார்.

அதைவிடப் பெரிய சோதனை 1969 மார்ச்சில் வந்தது. பிகிலா ஓட்டிச் சென்ற கார் கவிழ்ந்தது. உடல் அசைவற்றுப் போனது. இங்கிலாந்தில் பல மாதம் சிகிச்சை பெற்றார். கைகள் மீண்டும் அசைந்தன. ஆனால் உலகையே வியக்க வைத்த கால்கள் திரும்ப நடக்கவே இல்லை.

முடங்கிக் கிடந்தாரா பிகிலா? சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தை பழகினார். டேபிள் டென்னிஸ் ஆடினார். 1970இல் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டியில் கலந்துகொண்டார். 1971இல் நார்வே நாட்டுக்கு விருந்தினராகப் போனவர், பனியில் நாய்கள் இழுத்துச் செல்லும் வண்டிப் போட்டியில் இறங்கி, முதலிடமும் பிடித்துவிட்டார்!

1973 அக்டோபர் 25ஆம் தேதி, மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் பிகிலா காலமானார். வயது 41தான். இறுதி ஊர்வலத்தில் மக்கள் வெள்ளம் போலத் திரண்டார்கள். பேரரசரும் வந்தார்.

அந்தக் கல்தூண் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 2005இல் இத்தாலி அதை எத்தியோப்பியாவுக்கே திருப்பிக் கொடுத்தது. இன்று அது அக்சும் நகரில் நிமிர்ந்து நிற்கிறது.

நண்பர்களே, ஓட்டமோ, நீச்சலோ, கணக்குப் பாடமோ எதுவானாலும் சரி, இன்று உங்களால் எவ்வளவு முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு மாதம் பயிற்சி செய்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். நாலே நாலு விநாடி முன்னேறியிருந்தாலும் அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். பிகிலாவும் அப்படித்தான் முன்னேறினார்!