இக்னாஸ் கோல்ட்ஸிஹர்

இக்னாஸ் கோல்ட்ஸிஹர் (ஜூன் 22, 1850 – நவம்பர் 13, 1921) ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த கீழைத்தேயவியல் அறிஞர் ஆவார். ஐரோப்பாவில் இஸ்லாமியவியல் ஒரு தனித்துறையாக உருப்பெறக் காரணமானவர்களுள் முதன்மையானவர். நபிமொழிகள் எனப்படும் ஹதீஸ்கள் எக்காலத்தில், எச்சூழலில் தற்போதைய வடிவைப் பெற்றன என்னும் வினாவை வரலாற்று ஆய்வு முறையில் விரிவாக எழுப்பியவர் இவர். இஸ்லாமியச் சட்டத்தின் பெரும்பகுதி ஹதீஸ்களை ஆதாரமாகக் கொண்டது. ஆகவே இவர் எழுப்பிய வினா, அச்சட்டத்தின் தோற்றம் பற்றிய வினாவாகவும் ஆயிற்று.

இளமையும் கல்வியும்

கோல்ட்ஸிஹர் செகெஷ்ஃபெஹேர்வார் என்னும் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை தோல் வணிகர். சிறு வயதிலேயே எபிரேய விவிலியமும் தல்மூதும் கற்ற இவர், தமது 12ஆம் அகவையில் யூத வழிபாட்டின் வரலாறு குறித்து ஒரு சிறு நூலை வெளியிட்டார். பெஸ்ட் நகரில் ஆர்மினியஸ் வாம்பேரியிடம் பயின்றார். பின்னர் கல்வி அமைச்சர் யோசெஃப் ஓத்வோஷின் ஆதரவில் அரசு உதவி பெற்று ஜெர்மனி சென்றார். லைப்சிக்கில் புகழ்பெற்ற அரபியல் அறிஞர் ஃப்ளைஷரின் மாணவராக, 20 வயது நிரம்பும் முன்பே முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் லைடன் நகரில் அரபுக் கையெழுத்துச் சுவடிகளை ஆராய்ந்தார்.

ஓத்வோஷ் 1871இல் இறந்தார். அத்துடன் இவருக்கிருந்த அரசியல் ஆதரவும் போயிற்று. 1872இல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஊதியமற்ற விரிவுரையாளராக மட்டுமே இவர் சேர முடிந்தது.

கீழை நாடுகளில்

1873 – 1874 ஆண்டுகளில் கான்ஸ்டான்டிநோபிள், டமாஸ்கஸ், கெய்ரோ ஆகிய நகரங்களுக்குப் பயணம் செய்தார். கெய்ரோவில் அல்-அஸ்ஹர் கல்விக்கூடத்தில் மாணவராகச் சேர அனுமதி பெற்றார். முஸ்லிம் அல்லாத ஐரோப்பியர் ஒருவருக்கு அக்காலத்தில் இது மிக அரிதான வாய்ப்பு. அங்கே ஷெய்குகளின் முன் தரையில் அமர்ந்து, மற்ற மாணவர்களைப் போலவே மார்க்கச் சட்டம் (ஃபிக்ஹ்) கற்றார். ஜமாலுத்தீன் அஃப்கானியுடன் பழகினார். ஒரு வெள்ளிக்கிழமை முஸ்லிம்களோடு நின்று தொழுததையும் தமது நாட்குறிப்பில் பதிந்துள்ளார். தம்மை யூதராகவே கருதிய இவர், இஸ்லாத்தின் ஓரிறைக் கொள்கையின் மீது ஆழ்ந்த மதிப்புக் கொண்டிருந்தார். ஹதீஸ் பற்றிய இவரது ஆய்வை வெறும் பகைமையின் விளைவு என ஒதுக்குவோர் இப்பகுதியைக் கவனிப்பதில்லை.

1874இல் தந்தை நோயுற்ற செய்தி கிடைத்ததும் நாடு திரும்பினார். தந்தை அவ்வாண்டே இறந்தார்.

முப்பது ஆண்டுச் செயலாளர் பணி

இவர் எதிர்பார்த்த செமித்திய மொழிகளின் பேராசிரியர் பதவி, முன்னர்க் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்த பீட்டர் ஹதாலாவுக்கு அளிக்கப்பட்டது. யூதர் ஒருவருக்கு அப்பதவி கிடைப்பது அன்றைய ஹங்கேரியில் எளிதாக இருக்கவில்லை. பிழைப்புக்கு வேறு வழியின்றி, 1876இல் பெஸ்ட் யூதச் சமூக அமைப்பின் செயலாளர் பணியை ஏற்றார். கூட்டக் குறிப்பு எழுதுதல், கணக்கு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றிலேயே இவரது பகல்கள் கழிந்தன. ஆய்வுக்கு மாலை நேரமும் விடுமுறைகளுமே எஞ்சின. உலக அரபியலாளர் பலரும் மதித்த நூல்கள் இவ்வாறு எழுதப்பட்டவையே.

1889இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற கீழைத்தேயவியல் மாநாட்டில் தங்கப் பதக்கம் பெற்றார். ராபர்ட்சன் ஸ்மித் 1894இல் இறந்தபின் கேம்பிரிட்ஜிலிருந்து பேராசிரியர் பதவிக்கு அழைப்பு வந்தது. அதை ஏற்காமல் புடாபெஸ்டிலேயே தங்கிவிட்டார். 1900இல் மூத்த மகன் தற்கொலை செய்துகொண்டது இவரைப் பெரிதும் பாதித்தது. ஹதாலா ஓய்வுபெற்ற பின், 1905இல் தமது 55ஆம் வயதில்தான் முழுப் பேராசிரியர் ஆனார்.

ஹதீஸ் ஆய்வு

ஒவ்வொரு ஹதீஸும் இரு பகுதிகளைக் கொண்டது. யாரிடமிருந்து யார் கேட்டார் எனக் காட்டும் அறிவிப்பாளர் தொடர் (இஸ்னாத்) ஒன்று; செய்தி (மத்ன்) மற்றொன்று. புனையப்பட்ட ஹதீஸ்கள் உலவியதை முஸ்லிம் அறிஞர்கள் தொடக்கக் காலத்திலேயே அறிந்திருந்தனர். புகாரி (இறப்பு 870), முஸ்லிம் (இறப்பு 875) முதலியோர் கடும் விதிகளைக் கொண்டு ஹதீஸ்களைத் தெரிவு செய்தது இதனாலேயே. அவ்விதிகள் பெரும்பாலும் அறிவிப்பாளர்களின் நேர்மை, நினைவாற்றல், ஒருவரையொருவர் சந்தித்த வாய்ப்பு ஆகியவற்றைச் சோதித்தன.

கோல்ட்ஸிஹர் செய்தியின் பக்கம் திரும்பினார். 1890இல் வெளிவந்த "முகம்மதிய ஆய்வுகள்" நூலின் இரண்டாம் தொகுதியில், உமையாக்கள், அலீயின் ஆதரவாளர்கள், அப்பாசியர், பல்வேறு சட்டப் பிரிவினர் என எல்லாத் தரப்புக்கும் சாதகமான ஹதீஸ்கள் இருப்பதைச் சுட்டினார். அவற்றுள் பெரும்பகுதி, இஸ்லாத்தின் முதல் இரு நூற்றாண்டுகளில் நிகழ்ந்த சமய, அரசியல் வளர்ச்சியின் விளைவு என்பது இவரது முடிவு. எனவே நபியின் காலத்தை விட, பின்வந்த தலைமுறைகளை அறியவே அவை சிறந்த சான்று என்றார். எல்லா ஹதீஸ்களும் பொய் என இவர் கூறியதாகச் சிலர் எழுதுவது சரியன்று.

இவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் இரண்டு பெரிதும் விவாதிக்கப்பட்டவை. வேட்டைக்கும் மந்தைக்கும் அல்லாமல் நாய் வளர்ப்பதைக் கண்டிக்கும் ஹதீஸில், வயல் காக்கும் நாயையும் விதிவிலக்காக அபூ ஹுரைரா அறிவித்தார். அவருக்கு விளைநிலம் இருந்தது என இப்னு உமர் குறிப்பிட்டார். சொந்த நலனுக்காகச் செய்தி விரிக்கப்பட்டதற்கு இது தடயம் என்றார் கோல்ட்ஸிஹர். நிலம் வைத்திருப்பவர் அச்சட்டத்தை நன்கு நினைவில் வைத்திருப்பார் என்பதே இப்னு உமரின் கருத்து என மறுப்பாளர்கள் விடையளித்தனர்.

மற்றொன்று, மக்கா, மதீனா, ஜெருசலம் ஆகிய மூன்று பள்ளிவாசல்களுக்கு மட்டுமே புனிதப் பயணம் செல்லலாம் என்னும் ஹதீஸ். மக்கா இப்னு ஸுபைரின் ஆட்சியில் இருந்தபோது, மக்களை ஜெருசலத்துக்குத் திருப்ப கலீஃபா அப்துல் மலிக் விரும்பியதாகவும், அதற்காக ஸுஹ்ரீ என்னும் அறிஞர் இதைப் பரப்பியதாகவும் இவர் கருதினார். இதற்கு யஃகூபி என்னும் 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரின் கூற்று ஆதாரம். அக்காலத்தில் ஸுஹ்ரீ மிக இளையவர் என்பதும், அதே ஹதீஸ் அவர் இடம்பெறாத தொடர்கள் வழியாகவும் வந்துள்ளது என்பதும் எதிர்வாதங்கள். சிரிய மக்கள் அவ்வாண்டுகளிலும் மக்காவுக்குச் சென்றதைக் கொய்டைன் 1950இல் எடுத்துக்காட்டினார். இந்த எடுத்துக்காட்டைப் பொறுத்தவரை மறுப்பே வலுவானதாகத் தோன்றுகிறது. ஆனால் எடுத்துக்காட்டு ஒன்று சரிவதால் வினா தீர்ந்துவிடுவதில்லை.

உரோமானியச் சட்டம் ஃபிக்ஹின் மீது பெருந்தாக்கம் செலுத்தியது என்ற இவரது கருத்து பிற்காலத்தில் அதிக ஏற்பைப் பெறவில்லை.

பின்வந்த விவாதம்

ஜோசஃப் ஷாக்ட் 1950இல் வெளியிட்ட நூலில் இவ்வாய்வைச் சட்ட ஹதீஸ்களுக்கு விரித்தார். நபியின் ஹதீஸுக்குச் சட்டத்தில் தலைமையிடம் உறுதிப்பட்டது இமாம் ஷாஃபிஈயால் (767 – 820) என்றும், அறிவிப்பாளர் தொடர்கள் காலப்போக்கில் பின்னோக்கி நீட்டப்பட்டன என்றும் அவர் வாதிட்டார்.

முஸ்லிம் உலகின் எதிர்வினை கோல்ட்ஸிஹர் பயின்ற அல்-அஸ்ஹரிலேயே தொடங்கியது எனலாம். அங்கே ஓர் ஆசிரியர் இவரது கருத்துகளைத் தழுவிப் பாடம் நடத்தியதை எதிர்த்த மாணவர் முஸ்தஃபா அஸ்-ஸிபாஈ, பின்னர் அதே நிறுவனத்தில் சுன்னாவின் சட்டத் தகுதி குறித்த ஆய்வேட்டை 1949இல் அளித்தார். இந்தியாவில் பிறந்த முஹம்மத் முஸ்தஃபா அஃஸமி, ஹதீஸ்கள் தொடக்கம் முதலே எழுத்திலும் பதியப்பட்டன எனக் கேம்பிரிட்ஜ் ஆய்வில் வாதிட்டார். நபியா அப்பாட் பாப்பிரஸ் ஏடுகளைக் கொண்டு 1967இல் ஏறக்குறைய இதே திசையில் சென்றார்.

கோல்ட்ஸிஹருக்குக் கிடைக்காத நூல்களும் அச்சேறின. 1970களின் தொடக்கத்தில் பதிப்பிக்கப்பட்ட அப்துர் ரஸ்ஸாக்கின் "முஸன்னஃப்" அவற்றுள் முக்கியமானது. அதனை ஆராய்ந்த ஹரால்ட் மோட்ஸ்கி, 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதி மக்காவின் சட்டக் கருத்துகளை நம்பகமாக மீட்க முடியும் என 1991இல் நிறுவ முயன்றார். தொடரையும் செய்தியையும் இணைத்து ஒப்பிடும் அவரது முறையைப் பிற ஆய்வாளர்களும் கையாண்டனர்.

இறுதிக்காலம்

"இஸ்லாம் குறித்த விரிவுரைகள்" (1910), குர்ஆன் விரிவுரை மரபுகள் பற்றிய நூல் (1920) ஆகியவை இவரது பிற்கால ஆக்கங்கள். 1921இல் புடாபெஸ்டில் காலமானார். ஏறத்தாழ 6,000 தொகுதிகள் கொண்ட இவரது நூலகம் 1924இல் ஜெருசலம் தேசிய நூலகத்துக்குச் சென்றது. 13,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் சேர்ந்தன. செயலாளர் பணி தந்த கசப்புகளை விரிவாகக் கூறும் இவரது நாட்குறிப்பு 1978இல் அச்சில் வெளிவந்தது.