கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிடித்தவர்

ஊர் ஊராக மக்களை வாரிச் சென்ற நோய் காலரா. கெட்ட காற்றால்தான் அது வருகிறது என்று 19-ம் நூற்றாண்டில் பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். அது ஒரு கிருமியின் வேலை என்று கல்கத்தாவில் நிலைநாட்டியவர் ராபர்ட் கோக்.

இவர் 1843-ல் ஜெர்மனியில், சுரங்க அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். டாக்டருக்குப் படித்து, சிற்றூரில் வைத்தியம் பார்த்தார். மனைவி பரிசளித்த மைக்ராஸ்கோப் அவர் வாழ்க்கையையே மாற்றியது. 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார்.

கப்பலேறினார்

மறு ஆண்டு எகிப்தில் காலரா பரவியது. ஜெர்மன் அரசு கோக்கை அங்கே அனுப்பியது. பிரான்சிலிருந்து வந்த குழுவில் லூயி துயிலியே என்ற 27 வயது விஞ்ஞானி காலராவுக்கே பலியானார். கோக் அஞ்சவில்லை. எகிப்தில் நோய் தணிந்ததும், நோய் இருக்கும் இடம் தேடிக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். 1883 டிசம்பரில் வந்து சேர்ந்தார்.

காலராவால் இறந்தவர்களின் குடலைச் சோதித்தார். 'கமா' போல் வளைந்த கிருமி தென்பட்டது. குடலில் எத்தனையோ கிருமிகள் உண்டு. இது தனி இனம்தானா?

அதை மட்டும் பிரித்து ஜெலட்டினில் வளர்த்தார். ஜெலட்டினைக் கரைத்துக்கொண்டே அது பெருகியது. ஈரத்தில் துள்ளி ஓடியது; உலர்ந்தால் செத்தது. காலரா நோயாளிகளிடம் இருந்தது. வேறு காரணத்தால் பேதி கண்டவர்களிடம் இல்லை. இந்த அடையாளங்களைக் கொண்டு, தனி இனமே என்று 1884-ல் அறிவித்தார்.

குளத்திலும் கிருமி

காலரா கண்ட பகுதியில் ஒரு குளத்து நீரிலும் அதே கிருமி இருந்தது. மக்கள் அதில் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், அதையே குடித்தார்கள்!

ஒரு குறை மட்டும் நின்றது. கிருமியைக் கொடுத்து எந்தப் பிராணிக்கும் காலராவை உண்டாக்க முடியவில்லை. எதிர்ப்பாளர்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள். 1892-ல் ஹாம்பர்க் நகரில், வடிகட்டாத ஆற்று நீரைக் குடித்து 8,000 பேருக்கு மேல் மாண்டனர். வடிகட்டிக் குடித்த பக்கத்து ஊர் அல்டோனா பெரும்பாலும் தப்பியது. கோக் சொன்னது பலித்தது.

1905-ல், காசநோய் ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1910 மே 27-ல் காலமானார்.

பெயர் யாருக்கு?

இத்தாலிய டாக்டர் பிலிப்போ பசினி, 1854-லேயே இக்கிருமியைப் பார்த்து, 'விப்ரியோ' என்று எழுதி வைத்திருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. கோக் கல்கத்தா வந்த அதே 1883-ல் அவர் இறந்துபோனார். 1965-ல்தான் விஞ்ஞானிகள் கிருமியின் பெயரோடு பசினியின் பெயரையும் 1854 என்ற ஆண்டையும் முறைப்படி சேர்த்தார்கள்.

முதலில் கண்டவர் பசினி. உலகத்தை நம்ப வைத்தவர் கோக்.