டெலிபோனுக்கு வழி காட்டிய காது மந்தக்காரர்

டெலிபோனில் பேசுகிறீர்கள். நீங்கள் சொன்ன சொல்லே சற்றுப் பொறுத்து உங்கள் காதில் வந்து விழுகிறது. பேச்சு தடுமாறுகிறது. வாசலில் உள்ள இன்டர்காமை டெலிபோன் லைனுடன் இணைத்தால் இந்தத் தொல்லை அதிகம்.

இந்த எதிரொலி ஏன் வருகிறது? அதைக் குறைப்பது எப்படி?

இதற்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர் காது மந்தமான ஒரு மனிதர். 16 வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். அவர் பெயர் ஆலிவர் ஹெவிசைடு.

தந்தி ஆபீஸ் வேலை

ஹெவிசைடு 1850-ம் ஆண்டு மே 18-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் அச்சுக்கு வேண்டிய படங்களை மரக்கட்டையில் செதுக்குபவர். வீட்டில் வறுமை. சிறு வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் ஆலிவரின் காதைக் கெடுத்துவிட்டது. மற்றப் பிள்ளைகளுடன் பழகுவதே கஷ்டமாயிற்று.

தந்திக் கருவியால் புகழ் பெற்ற சார்லஸ் வீட்ஸ்டன், ஆலிவருடைய தாயாரின் சகோதரியை மணந்தவர். அந்த உறவு ஆலிவரைத் தந்தித் தொழிலுக்கு இழுத்தது. 1868-ல் டென்மார்க் நாட்டில் தந்தி வேலையில் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்தில் உள்ள நியூகாசில் நகருக்கு வந்தார்.

கம்பியில் ஒரு தராசு

அந்த நாளில் ஒரே கம்பியில், ஒரே நேரத்தில், இரு பக்கமிருந்தும் தந்தி அனுப்ப முயன்றார்கள். அதில் ஒரு சிக்கல். நாம் அனுப்பும் தந்தி நம் கருவியையே ஆட்டிவிடும். அப்புறம், எதிரே இருந்து வருவது எப்படிப் புரியும்?

அதற்கு ஒரு யுக்தி இருந்தது. நீண்ட லைனைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு போலி லைனைப் பெட்டிக்குள் வைத்தார்கள். நாம் அனுப்பும் மின்சாரம் அசல் லைனுக்குப் பாதி, போலி லைனுக்குப் பாதி என்று பிரியும். இரண்டும் சமமானால், நடுவில் உள்ள கருவி தராசு முள்போல் அசையாமல் நிற்கும். எதிரே இருந்து வருவதற்கு மட்டும் அது ஆடும். இந்த முறையை ஆராய்ந்து 1873-ல் ஹெவிசைடு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 23.

அறைக்குள் ஒரு தவம்

மறு ஆண்டு வேலையை விட்டார். அதன் பிறகு அவர் எந்த உத்தியோகத்துக்கும் போகவில்லை. பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, மாக்ஸ்வெல் எழுதிய மின்சார நூலைத் தாமாகவே படித்துத் தேர்ந்தார்.

ஒரு கயிற்றின் நுனியைத் தூணில் கட்டி, மறு நுனியை உதறிப் பாருங்கள். அலை ஓடும், தூணில் மோதித் திரும்பி வரும். கம்பியில் ஓடும் மின் அலையும் அப்படித்தான். போகும் வழியின் தன்மை திடீரென்று மாறினால், அலையில் ஒரு பங்கு திரும்பிவிடும். மாறும் மின்சாரத்துக்கு ஏற்படும் தடைக்கு 1886-ல் அவர் இம்பீடன்ஸ் என்று பெயர் சூட்டினார். லைனின் முடிவில் அதற்குப் பொருத்தமான தடையை வைத்தால் அலை திரும்பாது என்றும் காட்டினார்.

வந்தது இடைஞ்சல்

நெடுந்தூரம் போனால் டெலிபோன் பேச்சு குழம்பிவிடும். 1887-ல் அதற்கும் வழி கண்டார். லைனில் மின்தூண்டலைக் கூட்டினால் பேச்சு உருக்குலையாது என்றார்.

பிரிட்டிஷ் தபால் இலாகாவின் மின்சார நிபுணர் வில்லியம் பிரீஸ் இதற்கு நேர்மாறான கொள்கை உடையவர். ஹெவிசைடின் தமையன் ஆர்தர் அதே இலாகாவில் என்ஜினீயர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எழுதிய கட்டுரையை பிரீஸ் வெளிவராமல் தடுத்துவிட்டார்.

1900-ல் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் பூபின், லைனில் இடையிடையே கம்பிச் சுருள் வைக்கும் முறைக்குப் பேட்டண்ட் பெற்றார். பூபினுக்குப் பெரும் பணம் கிடைத்தது. ஹெவிசைடுக்குக் காசு கிடைக்கவில்லை. 1896-ல் அரசாங்கம் தந்த 120 பவுன் ஆண்டு உதவித் தொகையைக்கூட, நண்பர்கள் வற்புறுத்திய பிறகே ஏற்றார்.

இன்டர்காமில் நடப்பது

டெலிபோன் லைனில் போகும் பேச்சுக்கும் வரும் பேச்சுக்கும் ஒரே ஜோடிக் கம்பிதான். இன்டர்காமிலோ மைக்குக்கு ஒரு வழி, ஸ்பீக்கருக்கு ஒரு வழி. இரண்டையும் இணைக்கும் இடத்தில் ஹைப்ரிட் என்ற சாதனம் இருக்கும். அதற்குள் இருப்பது பழைய தராசுதான். ஒரு தட்டில் அசல் லைன். மறு தட்டில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த போலி லைன். இரண்டும் ஒத்திருந்தால், போகும் குரல் திரும்பாது. ஒத்துப் போகாவிட்டால், ஒரு பங்கு கசிந்து எதிரொலியாக வரும்.

ஆகவே முதலில் போலி லைனை அசல் லைனுக்குப் பொருத்த வேண்டும். எதிரொலி எங்கே மிகக் குறைகிறதோ, அங்கே நிறுத்த வேண்டும். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து, மைக்கை அதற்கு எட்டத்தில் வைக்க வேண்டும். மீந்து நிற்கும் எதிரொலியை இன்று மின்னணுச் சில்லு கணக்கிட்டுக் கழித்துவிடுகிறது.

தனிமையில் முடிவு

ஹெவிசைடு மணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் வாழ்ந்தார். 1925-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி, 74-ம் வயதில் காலமானார்.

காது சரியாகக் கேளாதவர் அவர். ஆயினும் உலகத்தார் ஒருவர் குரலை ஒருவர் தெளிவாகக் கேட்க வழி செய்தார். அவர் சூட்டிய பெயரைச் சொல்லாமல் டெலிபோன் என்ஜினீயர் எவரும் இன்று வேலை செய்ய முடியாது.