டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தமிழகத்தின் மோட்டார் வண்டித் தொழில் முன்னோடிகளுள் ஒருவர், டி. வி. எஸ். தொழிற்குழுமத்தைத் தோற்றுவித்தவர். மதுரையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியவராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும், வண்டியை வாங்கி ஓட்டுவதைக் காட்டிலும் அதைத் தேயாமலும் வழியில் நின்றுவிடாமலும் காப்பதே கடினம் என்பதை உணர்ந்து, அதையே தொழிலாக வளர்த்ததை இவரது தனிச்சிறப்பு எனலாம்.

பிறப்பும் தொடக்க காலமும்

சுந்தரம் அய்யங்கார் திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். நம்பி கோயிலால் பெயர்பெற்ற இவ்வைணவத் திருத்தலம் இராதாபுரத்துக்கு வடமேற்கே, நாங்குநேரி வட்டத்தில் அமைந்துள்ளது. இவரது பெயரின் முதலெழுத்தான டி இவ்வூரையே குறிக்கும். வழக்கறிஞராக வாழ்வைத் தொடங்கிய இவர், பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். இவற்றில் எதிலும் நிலைக்காமல் சொந்தத் தொழிலை நாடினார்.

பேருந்துப் போக்குவரத்து

1911ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1912இல் மதுரையில் பேருந்துச் சேவை தொடங்கியது. மாட்டுவண்டியும் குதிரைவண்டியுமே சாலைகளை ஆண்ட காலம் அது. பின்னாளில் இவரது பேருந்துகளும் சரக்குந்துகளும் சதர்ன் ரோட்வேஸ் என்னும் நிறுவனத்தின்கீழ் ஓடின. அவை குறித்த நேரத்தில் வந்து செல்வதைக் கண்டு மக்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டனர் என்று மதுரையில் இன்றும் சொல்வதுண்டு. சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் நேரந்தவறாமை அக்காலத்தில் எத்துணை அரியது என்பதை இது காட்டுகிறது.

பேருந்து நேரந்தவறுவதற்கு முதற்காரணம் சாலையே. மாடுகளின் இலாடங்களிலிருந்து கழன்று விழும் ஆணிகள் சாலையெங்கும் சிதறிக் கிடந்து டயர்களைப் பதம்பார்த்தன. பேருந்து செல்லும் வழியில் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை ஓடவிட்டு அவ்வாணிகளைப் பொறுக்கி எடுக்கச் செய்தார் அய்யங்கார். ஒவ்வொரு முறையும் டயரை ஒட்டிக்கொண்டிருப்பதைவிட ஆணியை அகற்றுவது மலிவு என்பது இவரது கணக்கு.

அக்கால வண்டிகளும் தேய்மானமும்

அய்யங்கார் தொழில் தொடங்கிய காலத்து வண்டிகளின் கியர்ப் பெட்டி இன்றைய கார்களில் உள்ளதைப் போன்றதன்று. கியரை மாற்றும்போது பற்சக்கரமே தண்டின்மீது நகர்ந்து சென்று மற்றொரு பற்சக்கரத்துடன் பொருந்தவேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் பற்கள் மோதி அலறும். இதைத் தவிர்க்க ஓட்டுநர் ஒரு மாற்றத்துக்கு இருமுறை கிளட்சை மிதிப்பார். முதலில் மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவருவார். கீழ்க் கியருக்கு இறங்குவதானால் கிளட்சை விட்டு எந்திரத்தைச் சற்றே முடுக்கி, மீண்டும் மிதித்துக் கியரைப் போடுவார். மேல் கியருக்குப் போவதானால் முடுக்காமல், சக்கரத்தின் வேகம் தணியக் காத்திருக்கவேண்டும். இது காதாலும் காலாலும் பழகவேண்டிய வித்தை.

அவசரப்பட்டு மாற்றினால் வண்டி ஓரிரு நொடி முந்தும். ஆனால் பற்களின் விளிம்பு சிதையும். சிதைந்த இரும்புத் துகள் எண்ணெயில் கலந்து தாங்கிகளைத் தேய்க்கும். கிளட்சின்மீது காலை வைத்தபடியே ஓட்டுவோருக்கு அதன் உராய்வுத் தகடு விரைவில் கருகிப்போகும். சட்டெனக் கிளட்சை விட்டால் அந்த அதிர்ச்சி உந்துதண்டையும் பின்னச்சையும் தாக்கும். இன்று பந்தய ஓட்டத்தை விரும்பும் இளைஞர்கள் காரில் இதே தவறுகளைச் செய்தால் பழுது நீக்குவோரிடம் உதிரிப் பாகம் கிடைக்கும். அன்றோ பெரும்பாலான உதிரிப் பாகங்கள் கப்பலில் வரவேண்டும். அது வரும்வரை பேருந்து கொட்டகையில் நிற்கும். கால அட்டவணை வெறும் தாளாகிவிடும். ஆகவே ஓட்டுநரின் நிதானமும் பணிமனையின் பராமரிப்பும் ஒரு பேருந்து முதலாளிக்கு இலாப நட்டக் கணக்கின் பகுதிகளாகவே இருந்தன.

பற்சக்கரங்களின் வேகத்தை மோதலின்றி ஒன்றாக்கும் ஒத்தியங்கு அமைப்பை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் தன் காடிலாக் காரில் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் அந்நிறுவனம் பம்பாயில் வண்டிகளைப் பூட்டும் தொழிற்சாலையைத் தொடங்கியது. அய்யங்காரின் சுந்தரம் மோட்டார்ஸ் பிற்காலத்தில் அதன் பெரிய விற்பனையாளர்களுள் ஒன்றாக விளங்கியது. உதிரிப் பாகங்களின் விற்பனைக்காக மதராஸ் ஆட்டோ சர்வீஸ் நிறுவனமும், தேய்ந்த டயர்களுக்குப் புதிய இரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் தோன்றின.

போர்க்காலமும் கரிவாயுவும்

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அய்யங்கார் டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கரிவாயுக் கலனை வடிவமைத்து உருவாக்கினார். குறைந்த காற்றில் கரியை எரித்தால் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவைக் கொண்டு எந்திரத்தை இயக்குவதே இதன் அடிப்படை.

வண்டி ஓடியது, ஆனால் இலேசாக ஓடவில்லை. இவ்வாயுவில் ஓடும் எந்திரம் பெட்ரோலில் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்துவிடும். முன்பு மேல் கியரிலேயே ஏறிய மேட்டுக்குக் கீழ்க் கியர் தேவைப்படும். ஒரு மைலுக்கு எந்திரம் கூடுதலாகச் சுழலும். கியர் மாற்றங்களும் பெருகும். வடிகட்டியில் தப்பிய சாம்பல் உருளைகளை அரிக்கும். எரிபொருளில் மிச்சமானதன் ஒரு பகுதியைத் தேய்மானம் விழுங்கிவிடும். எனினும் போக்குவரத்து அடியோடு நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

குடும்பம்

இவரது மகன்களான துரைசாமி, இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோர் தொழிலில் இணைந்தனர். இளம் வயதில் கணவரை இழந்த மகள் சௌந்தரம் மருத்துவம் பயின்றார், 1940இல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார். 1947இல் காந்திகிராமத்தை நிறுவினார்.

மறைவும் பிற்காலமும்

மகன்களிடம் பொறுப்பை ஒப்படைத்து ஓய்வுபெற்ற அய்யங்கார், ஏப்ரல் 28, 1955 அன்று கொடைக்கானலில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் வண்டி பூட்டுவதை நிறுத்தியிருந்தது. கப்பலை எதிர்பார்த்திருந்த பாகங்களை இங்கேயே செய்யவேண்டிய காலம் வந்தது. வீல்ஸ் இந்தியா (1960), லூகாஸ் டி. வி. எஸ். (1961), பிரேக்ஸ் இந்தியா (1962), சுந்தரம் பாசனர்ஸ் (1966) ஆகிய நிறுவனங்கள் அடுத்தடுத்து எழுந்தன.

டி. வி. எஸ். பேருந்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டு 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அதிலிருந்து 1974இல் பிரிந்து, திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. இராதாபுரம், திருக்குறுங்குடி உள்ளிட்ட ஊர்களுக்கு அதன் பேருந்துகளே சென்றுவந்தன.