துணிப்பை ஏந்திய சக்கரவர்த்தி

திரையில் அவர் மாவீரன் அலெக்ஸாண்டர். மொகலாயச் சக்கரவர்த்தி அக்பர். ஆனால் நாடகம் முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரத்தில், கொட்டகை வாசலில் தலை குனிந்து, துணிப்பையை விரித்துப் பிடித்தபடி நிற்பார். காலணா போட்டாலும் சரி, நூறு ரூபாய் போட்டாலும் சரி, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். சேர்ந்த பணம் துயருற்றோர் நிவாரணத்துக்கும் நாடகத் தொழிலாளர் நலனுக்கும் போகும். அவர்தான் பிருதிவிராஜ் கபூர்.

இன்று பாகிஸ்தானில் உள்ள சமுந்திரி என்ற ஊரில் 1906-ல் பிறந்தவர். பெஷாவர் எட்வர்ட்ஸ் கல்லூரியில் படித்தார். வக்கீல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அத்தை கொடுத்த கடன் பணத்துடன் 1928-ல் பம்பாய்க்கு ரயிலேறினார். பிழைப்புத் தேடி இந்த நகருக்கு வந்த பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர். கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகர் வேலைதான் முதலில் கிடைத்தது. 1931-ல் வெளிவந்த இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வில் நடித்தார். 1941-ல் ‘சிக்கந்தர்’ அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது.

அந்த வருமானத்தைக் கொண்டு அவர் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1944-ல் ‘பிருதிவி தியேட்டர்ஸ்’ என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். சுமார் 150 பேர் கொண்ட கூட்டம்; நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளைப் போல, திரை, படுதா, சாமான்களுடன் ஊர் ஊராகச் சென்றது. இங்கே சம்பாதித்து ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்களுக்கு அவர் செய்தது எளிதில் புரியும். சினிமாவில் சம்பாதித்தார், நாடகத்துக்கு அனுப்பினார்.

முதல் நாடகம் ‘சாகுந்தலம்’. அடுத்து வந்த ‘தீவார்’, அதாவது ‘சுவர்’, ஒரே வீட்டுச் சகோதரர்கள் பாகம் பிரிந்து நடுவே சுவர் எழுப்புவதைச் சொல்லிற்று. அது அரங்கேறியது 1945-ல். நாடு பிரிந்தது 1947-ல். ‘பட்டான்’ நாடகம் ஹிந்து முஸ்லிம் நட்பைப் பேசியது. மதக் கலவரம் மூண்டிருந்த நாட்களில் இப்படிப்பட்ட நாடகங்களைப் போடத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அவரிடம் இருந்தது.

பதினாறு ஆண்டுகளில் 2,600-க்கும் மேற்பட்ட காட்சிகள். முக்கிய வேடம் பெரும்பாலும் அவருக்கே. பம்பாயில் ஆபரா ஹவுஸ் அரங்கம் அவர் குரலால் அதிர்ந்தது. அந்தக் கம்பெனியில் உருவானவர்கள் பலர். வாத்தியம் வாசித்த சங்கரும் ஜெய்கிஷனும் பின்னர் இசையமைப்பாளர்களாகக் கொடி கட்டிப் பறந்தார்கள். நடிகை ஜோரா சேகல் 14 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். மகன்கள் ராஜ், ஷம்மி, சசி மூவரும் அங்கே வேலை கற்றவர்களே.

கடைசியில் குரல் கெட்டது, உடம்பு தளர்ந்தது, கடன் ஏறியது. 1960-ல் கம்பெனி மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் ‘மொகலே ஆஜம்’ வெளிவந்து, அக்பராக அவரை நாடு முழுவதும் கொண்டாடியது. திரையில் மகுடம் சூடிய வேளையில், தாம் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த கம்பெனியை அவர் இழந்திருந்தார்.

1952 முதல் 1960 வரை ராஜ்யசபை நியமன உறுப்பினர், 1969-ல் பத்மபூஷண். 1972 மே 29-ந் தேதி காலமானார். 1971-க்குரிய தாதாசாகேப் பால்கே விருது அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது.

நாடகத்துக்கென்று நிலையான ஓர் இடம் வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிபரும் 1978-ல் ஜூஹுவில் அதை நிறைவேற்றினார்கள். சுமார் 200 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கம்தான். ஆனால் பெரும் முதலாளிகளின் தயவில்லாத எத்தனையோ இளைஞர் குழுக்களுக்கு அதுவே தாய்வீடாயிற்று.

தம் நாடகத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு நன்றி சொல்லவும் அவர் தலை குனிந்தார். பிறர் துயர் தீர்க்கக் கேட்கவும் தலை குனிந்தார். இன்று தலை வணங்க வேண்டியவர்கள் நாம்.