கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்விப் பாதை வகுத்த அறிஞர் அஸீஸ்



ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நன்கு படித்துத் தேறிய பிள்ளை, மேற்கொண்டு எங்கே செல்வது, எதைப் படிப்பது, செலவுக்கு யாரை நாடுவது என்று அறியாமல் நின்றுவிடுவது ஒரு வீட்டின் இழப்பு மட்டுமன்று. சமுதாயம் முழுவதற்குமான இழப்பாகும். இவ்விழப்பைக் கண்ணாரக் கண்டு, அதை நீக்குவதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருமகனார் இலங்கையின் மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள்.

1911 அக்டோபர் 4ஆம் நாள் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அன்னார், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார்கள். கொழும்பில் வரலாற்றுப் பட்டம் பெற்றபின், உபகாரச் சம்பளம் கிடைத்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கும் சென்றார்கள். 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற சிறப்பும் அவர்களுக்கே உரியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு, 1942இல் அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராகக் கிழக்கிலங்கையின் கல்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே வயல்கள் செழித்திருந்தன, உழைப்பாளிகளும் நிறைந்திருந்தனர். ஆயினும், அவ்வுழவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி எட்டாத கனியாகவே இருந்தது. நெல் விளைவிக்கச் சென்ற அதிகாரி, கல்வியையும் விளைவிக்கத் துணிந்தார்கள். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது.

ஓர் ஊரில் கண்ட குறை நாடெங்கும் இருப்பதை உணர்ந்து, 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார்கள். திறமை இருந்தும் வசதியற்ற மாணவரைக் கைதூக்கிவிடுவதே அதன் நோக்கம். அதே ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எனினும் கட்டணம் நீங்கிவிட்டால் தடை யாவும் நீங்கிவிடுவதில்லை. வெளியூர் சென்று படிக்கும் பிள்ளைக்குத் தங்குமிடம், உணவு, புத்தகம், பயணம் ஆகிய செலவுகள் இருந்துகொண்டே இருக்கும். இத்தகைய நிதியின் அருமை அங்கேதான் விளங்கும்.

1948இல் யாவரும் விரும்பும் சிவில் சேவைப் பதவியைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார்கள். 1961 வரை அப்பணியில் இருந்து, பல்கலைக்கழகம் புகும் தகுதியுள்ள மாணவர்களை உருவாக்குவதில் முனைந்து நின்றார்கள். 1952 முதல் செனட் சபையிலும் அங்கம் வகித்தார்கள். 1973 நவம்பர் 24ஆம் நாள் வஃபாத்தானார்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மறைந்த அன்னாருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

அன்பர்களே! அவர்கள் ஆற்றிய பணியின் வரிசை நம் சிந்தனைக்குரியது. முதலில் குறையை நேரில் கண்டார்கள். அடுத்து ஊராரைக் கொண்டு சங்கம் அமைத்தார்கள். பின்னர் நிதி திரட்டினார்கள். இறுதியில் தம்மையே கல்விப் பணிக்குக் கொடுத்தார்கள். நம் மஹல்லாவில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் யாவர், அவர்களுள் யாருக்குக் கல்லூரி ஏற்றது, யாருக்குத் தொழிற்பயிற்சி பொருந்தும், எவருக்குப் பொருளுதவி தேவை என்ற கணக்கை எடுப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அக்கறை ஒன்றே போதும். தேர்வு முடிவு வந்தபின் வருந்துவதைவிட, முன்பே பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துப் பேசுவது நலம்.

அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக! நம் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.