இமானுவேல் சேகரனும் குற்றப்பதிவின் இரண்டு கணக்குகளும்

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கலந்துகொண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றபோது இமானுவேல் சேகரனுக்கு வயது 18. அன்றைய அரசின் ஏட்டில் அவர் ஒரு குற்றவாளி. ஐந்தே ஆண்டுகளில் ஆட்சி மாறியது. அதே தண்டனை தியாகம் எனப் பெயர் பெற்றது. செயல் மாறவில்லை, ஏட்டை எழுதிய கை மட்டுமே மாறியது. புகழ்பெற்றவர்களின் கடந்தகால வழக்குகள் அவர்களுடைய மதிப்பைக் குறைக்குமா என்று விவாதிப்போர் முதலில் கருத வேண்டியது இதைத்தான்.

முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில் 1924 அக்டோபர் 9 அன்று அவர் பிறந்தார். தந்தை வேதநாயகம் பள்ளி ஆசிரியர். சிறைக்குச் சென்று திரும்பிய இளைஞர் பின்னர் இராணுவத்தில் சேர்ந்து அவில்தார் நிலை வரை உயர்ந்தார். அங்கே பதவிக்கு வணக்கம் செலுத்தினார்கள். விடுப்பில் ஊர் திரும்பினால் தேநீர்க் கடையில் தனிக்குவளை காத்திருந்தது. இராணுவத்திலிருந்து திரும்பி ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டியவர்கள் தமிழகத்திலும் மராட்டியத்திலும் பலர் உண்டு. சீருடை கற்றுத்தந்த நிமிர்வை ஊருக்குள் கழற்றிவைக்க இயலாமற்போவதே அதற்குக் காரணம் என நான் எண்ணுகிறேன். இமானுவேல் சேகரனும் இரட்டைக்குவளைக்கும் தீண்டாமைக்கும் எதிராகத் தேவேந்திரகுல மக்களை ஒருங்கிணைத்தார். காங்கிரசில் இணைந்து பணியாற்றினார்.

அவர் வாழ்ந்த மண்ணில் குற்றம் என்ற சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஆப்பநாட்டு மறவர்களைக் காலனிய அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. பிறப்பே குற்றப்பதிவாகியது, எந்தத் தவறும் செய்யாதவர்கள் காவல்நிலையத்தில் கைரேகை வைத்தனர். இக்கொடுமைக்கு எதிராகப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. அந்தப் போராட்டம் நியாயமானது. அதை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது.

1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தேவர் திருவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்று, பின்னதிலிருந்து விலகினார். அதையொட்டி நடந்த இடைத்தேர்தலுக்குப் பின் சாதி மோதல்கள் மூண்டன. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் நடத்தினார். அனைவரும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்ற யோசனை எழுந்தது. தேவர் அதை ஏற்கவில்லை. தனித்தனி அறிக்கைகள் என்று முடிவாயிற்று. இமானுவேல் சேகரனைத் தமக்கு நிகரான தலைவராகக் கருதவியலாது என்பதும் அங்கே விவாதமாயிற்று. அது தலைமைத் தகுதி பற்றிய கருத்து வேறுபாடு மட்டுமே என்று தேவரின் ஆதரவாளர்கள் விளக்குகின்றனர். தனிக்குவளையைக் கண்டவர்களுக்குத் தனித்தாளின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் இரவு பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. அதுவும் அரசின் கொடுமையே. 28ஆம் நாள் தேவர் தடுப்புக்காவல் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். கொலை வழக்கிலும் சேர்க்கப்பட்டார். புதுக்கோட்டையில் விசாரணை நடந்து, 1959 சனவரியில் அவர் விடுதலையானார்.

வழக்கறிஞராகிய எனக்கு இதில் ஐயமில்லை: விடுதலை செய்யப்பட்டவர் சட்டத்தின் முன் குற்றமற்றவர். அவரைக் கொலையாளி என்று எழுதுவது தவறு. நம் மேடைகளில் உணர்ச்சிவயப்பட்டு அப்படிப் பேசுவோரையும் நான் ஏற்பதில்லை. ஆனால் நீதிமன்றம் விசாரித்தது செப்டம்பர் 11ஆம் நாள் இரவைப் பற்றி மட்டுமே. அதற்கு முந்தைய நாள் எந்த நீதிமன்றத்திற்கும் செல்லவில்லை. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955 முதலே நடைமுறையில் இருந்தது. எனினும் ஒருவரோடு ஒரே தாளில் கையெழுத்திட மறுப்பது எச்சட்டப்படியும் குற்றமன்று. பொதுவாழ்வில் இருந்தவரின் மதிப்பை எடைபோடும்போது வரலாறு கேட்கும் கேள்விகள் குற்றவியல் சட்டத்தின் எல்லையோடு நிற்பதில்லை. வழக்கே இல்லாத செயலும் மதிப்பைக் குறைக்கக்கூடும். தண்டனை பெற்ற செயலும் மதிப்பை உயர்த்தக்கூடும்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சனின் கதை இதற்குப் பொருத்தமானது. 1908இல் உலக அதிஎடைப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். வெள்ளையினப் பெண்களுடன் வாழ்ந்ததே அவர்மீதான சினத்தின் மூலம். 1913இல் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு அவரைக் குற்றவாளியாக்கியது. நாட்டைவிட்டு வெளியேறி, 1920இல் திரும்பி, சிறையில் கிடந்தார். மன்னிப்பு வந்தது 2018இல். அவர் இறந்து 72 ஆண்டுகளுக்குப் பின்.

இங்கே மன்னிப்புக்கும் வழியில்லை. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(பி) பிரிவைப் படித்துப் பாருங்கள். ஐயத்தின் பலனை அளித்தோ சாட்சி பிறழ்ந்ததாலோ விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். காவலர் வேலை கிடைக்காது. அத்தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கமுதியிலும் முதுகுளத்தூரிலும் அதை நம்பிக் கபடி ஆடும் பையன்கள் இருக்கிறார்கள். தலைவருக்கு விடுதலை என்றால் களங்கமின்மை. பையனுக்கு விடுதலை என்றால் விண்ணப்பம் நிராகரிப்பு.

அந்த வழக்கு எங்கிருந்து வருகிறது? 2011 செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரனின் நினைவுநாளில், பரமக்குடியில் காவல்துறை சுட்டது; தலித்துகள் உயிரிழந்தனர். நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச்சூட்டை நியாயப்படுத்தியது. அதற்குப் பின் நினைவிடம் செல்லும் பாதையே நிபந்தனைகளால் நிறைந்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் மாவட்டத்தில் தடையுத்தரவு வருகிறது. இன்ன வாகனம், இன்ன வழி, இன்ன நேரம் என்று பட்டியல் உண்டு. மீறினால் முதல் தகவல் அறிக்கை. அதன் இறுதியில் வழக்கம்போல், மற்றும் பலர். அந்தப் பலரில் யார் பெயர் எப்போது சேரும் என்று எவருக்கும் தெரியாது.

2010இல் இமானுவேல் சேகரனுக்கு அஞ்சல்தலை வெளியாயிற்று. பரமக்குடியில் மணிமண்டபமும் அறிவிக்கப்பட்டது. சிறை சென்றவரை அரசு மதிப்பது நன்று. அவருக்கு மலர் வைக்கச் செல்லும் விளையாட்டு வீரர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் நான் சொல்வது ஒன்றே: அனுமதி பெற்ற வண்டியில் மட்டும் ஏறுங்கள், அனுமதிச் சீட்டின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.